உடைந்த உத்தரம்

நெடுநாள் பழகிய தோசைக்கல் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. கொல்லன் அடித்துக் கொடுத்த கரண்டியோ அதே உயரத்திலிருந்து விழுந்தாலும் காம்பு சற்றுக் கோணியதோடு தப்பித்துக்கொள்கிறது. இரண்டும் இரும்புதான், ஆனால் ஒன்று உருக்கி அச்சில் வார்த்தது, மற்றொன்று காய்ச்சி அடித்தது. வார்ப்பிரும்பென்றும் தேனிரும்பென்றும் நம் பாஷையிலேயே தனித்தனிப் பெயர் பெற்றிருக்கும் இவ்விரண்டின் குணபேதத்தை அளந்து அறிந்துகொள்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் ரயில்வே நிபுணர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரயில் யுகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் நீராவி எஞ்சினையே கதாநாயகனாக்கிவிடுவது வழக்கம். எனக்கென்னவோ, எஞ்சினைக் காட்டிலும் அதைச் சுமந்த இரும்பின் கதையே சுவை மிகுந்ததாகத் தோன்றுகிறது.

அந்தக் கதை தோல்வியில்தான் தொடங்குகிறது. 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி தெற்கு வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவரின் நீராவி எஞ்சின் 10 டன் இரும்பையும், வேடிக்கைக்காகத் தொற்றிக்கொண்ட 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் சென்றது. எஞ்சின் வென்றது, பாதை தோற்றது. குதிரைகள் இழுக்கும் வண்டிகளின் பாரத்தை உத்தேசித்து வார்க்கப்பட்டிருந்த தகடுகள் அந்தப் புதிய பாரத்தைத் தாங்கமாட்டாமல் ஆங்காங்கே நொறுங்கிவிட, டிரெவிதிக்கின் யந்திரமும் தன் பிரயாணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1820-இல், பெட்லிங்டன் இரும்பாலையில் ஜான் பர்கின்ஷா என்பவர் தேனிரும்பை உருளைகளுக்கிடையே செலுத்தி 15 அடி நீளத் தண்டவாளங்களாக உருட்டியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே இந்தத் தொல்லை நீங்கிற்று. வார்ப்பிரும்புத் தண்டவாளம் ஒன்றுக்குத் தாமே கூட்டாளியாக இருந்து காப்புரிமை பெற்றிருந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன், 1825-இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்குப் பர்கின்ஷாவின் தண்டவாளமே தகுந்தது என்று தம் லாபத்துக்கு விரோதமாக அபிப்பிராயம் சொன்னார். கூட்டாளியின் சிநேகம் அத்துடன் முறிந்தது. பதினெட்டு வயது வரை எழுத்தறியாதிருந்த அந்தச் சுரங்கத் தொழிலாளியின் பெருமைகளில் இது சிறியதல்ல.

1829-இல் ரெயின்ஹில் போட்டியில் அவருடைய மகன் ராபர்ட் கட்டிய 'ராக்கெட்' எஞ்சின் வென்றதும், மறு ஆண்டு லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விஷயங்கள். அவற்றை விட்டுவிட்டுப் பாலங்களுக்கு வருவோம். பாதை போடுகிறவனுக்கு ஆறுகள் விலகி வழிவிடுவதில்லை.

இரண்டு கற்களின் மேல் ஒரு கட்டையைக் கிடத்தி அதன் நடுவில் ஒருவர் ஏறி நின்றால், கட்டையின் மேற்புறம் நெருக்குண்டு சுருங்குகிறது, அடிப்புறம் இழுபட்டு நீள்கிறது. உத்தரம் என்று எதைச் சொன்னாலும், மரமாயினும் கல்லாயினும் இரும்பாயினும், அதன் வாழ்வு இவ்விரண்டு விசைகளுக்கும் இடையில்தான். வார்ப்பிரும்போ நெருக்குவதைப் பொறுக்கும் அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே இழுப்பதைப் பொறுக்கும். இந்த உண்மையை ஓயாத பரிசோதனைகளால் நிலைநாட்டி, அடிப்பட்டையை மேற்பட்டையைப் போல் ஆறு மடங்கு குறுக்குப் பரப்புள்ளதாக வார்த்தால் ஒரே எடை இரும்பில் மிக அதிகமான பாரத்தைத் தாங்கலாமென்று 1830-இல் மான்செஸ்டர் அறிஞர் சபையில் எடுத்துரைத்தவர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, சால்ஃபோர்டில் தம் தாயார் நடத்திய அடகுக் கடையில் உதவியாக இருந்துகொண்டே, அணுக்கொள்கையால் பிரசித்தி பெற்ற ஜான் டால்டனிடம் கணிதம் பயின்றவர் அவர். பரிசோதனைகளுக்கு வேண்டிய இரும்பையும் இடத்தையும் தம் தொழிற்சாலையில் கொடுத்து உதவியவர் வில்லியம் ஃபேர்பேர்ன். இருவரும் 1789-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் கணக்கை நம்பினார், மற்றவர் கைப்பழக்கத்தை நம்பினார். இந்த ஜோடியின் சிநேகமும் பின்னர் கெட்டுப்போயிற்று. அதற்குக் காரணமும் ஒரு பாலமே.

லண்டனுக்கும் டப்ளினுக்கும் இடையே தபாலும் பிரயாணிகளும் விரைந்து செல்ல வேண்டுமென்று, செஸ்டரிலிருந்து வேல்ஸின் வடகரை ஓரமாக ஹோலிஹெட் துறைமுகம் வரை ஒரு ரயில் பாதை அமைக்க 1840-களில் ஏற்பாடாயிற்று. பிரதம என்ஜினீயர் ராபர்ட் ஸ்டீவன்சன். வழியில் மெனாய் ஜலசந்தி குறுக்கிட்டது. கப்பல்களின் பாய்மரங்கள் தடையின்றிச் செல்வதற்காக நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 100 அடி உயரத்துக்கு வழி விட வேண்டுமென்றும், வளைவுப் பாலம் கட்டுவதற்காகச் சாரம் போட்டு நீர்வழியை அடைப்பது கூடவே கூடாதென்றும் கடற்படை அதிகாரிகள் விதித்துவிட்டார்கள். சங்கிலியில் தொங்கும் பாலமோ ரயிலின் பாரத்துக்கு ஆடிப் போகும். எல்லா வழியும் அடைபட்ட நிலையில் ஸ்டீவன்சனுக்கு உதித்த யோசனை, கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டிருக்க வேண்டும்: தேனிரும்புத் தகடுகளை ரிவெட்டடித்துப் பிரமாண்டமான குழாயாக்கி, தூணுக்குத் தூண் கிடத்தி, அதன் வயிற்றுக்குள்ளேயே ரயிலை ஓட்டிவிடுவது! ஒவ்வொரு பெரிய குழாயும் 460 அடி இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். அதுவரை உலகத்தில் எவரும் செய்திராத காரியம்.

எவரும் செய்திராத காரியம் என்பதாலேயே அதில் எல்லோரும் பயபக்தியுடன் நடந்துகொண்டார்கள். 1845-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேம்ஸ் நதிக்கரையில் மில்வால் என்ற இடத்திலிருந்த ஃபேர்பேர்னின் கப்பல் பட்டறையில், வட்டக் குழாய், முட்டை வடிவக் குழாய், நீள்சதுரக் குழாய் என்று வகை வகையாகச் செய்து, பாரம் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் எங்கே எவ்விதம் கெடுகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த விடை அவர்களைத் திடுக்கிடச் செய்தது. வார்ப்பிரும்பு உத்தரம் எப்போதும் அடிப்புறத்தில்தான் கிழியும். இந்தக் குழாய்களோ மேற்புறத்தில் காகிதம் கசங்குவதுபோல் கசங்கி மடிந்தன. மெல்லிய தகட்டுக்கு இழுப்பதைவிட நெருக்குவதே எமனாகிறது என்பது அன்று பிரத்தியட்சமாயிற்று. ஆகவே நீள்சதுர வடிவமே உத்தமம் என்று கண்டு, மேல்தளத்தைச் சிறு சிறு அறைகளாகப் பகுத்து வலுவாக்கினார்கள். மெனாய்க் குழாயில் ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி ஒன்றைக் கட்டி, அது உடைந்த இடத்தைச் செப்பனிட்டு மறுபடியும் உடைத்து, பலவீனம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று துருவினார்கள். அடுத்தபடி எழுந்தது சங்கிலிப் பிரச்சினை. துணைக்குச் சங்கிலிகளும் வேண்டும் என்றார், இந்தச் சோதனைகளில் சேர்ந்துகொண்ட ஹாட்ஜ்கின்சன். குழாய் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் என்றார் ஃபேர்பேர்ன். முடிவு தெரியாத அந்த நாட்களில் கோபுரங்களைக் கட்டியவர்கள், சங்கிலிகளைக் கோக்க உச்சியில் துளைகளையும் விட்டே கட்டினார்கள்.

இத்தனை ஜாக்கிரதையும் நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அதே ரயில் பாதையில், அதே என்ஜினீயரின் கையெழுத்தின் கீழ், செஸ்டர் நகரின் அருகே டீ என்னும் ஆற்றின் மேல் (பெயரைக் கேட்டு வாசகர் சிரிக்க வேண்டாம்) மற்றொரு பாலம் சந்தடியில்லாமல் எழும்பி முடிந்தது. மூன்று கண்கள், கண்ணுக்கு 98 அடி. அவ்வளவு நீண்ட உத்தரத்தை ஒரே வார்ப்பில் எடுக்க முடியாதாகையால் மூன்று துண்டுகளை முடுக்கிச் சேர்த்து, பக்கவாட்டில் தேனிரும்புப் பட்டைகளை இழுத்துக் கட்டிப் பலப்படுத்தியிருந்தார்கள். இந்தத் தினுசு உத்தரம் வேறு பல பாதைகளில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் இவ்வளவு நீளத்துக்கு ஒன்றுமில்லை. இதற்கு மாதிரி கட்டிப் பார்த்தவருமில்லை, உடைத்துப் பார்த்தவருமில்லை. அறியாத பொருளிடம் ஆயிரம் கேள்வி கேட்ட மனிதர், அறிந்ததாக எண்ணிய பொருளிடம் ஒன்றும் கேளாமலே போய்விட்டார். சின்னப் பாலத்தில் நின்றது பெரிய பாலத்திலும் நிற்கும் என்று கருதியதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன், பழக்கம் என்பேன். என்ஜினீயரிங் தொழிலில் பழக்கம் அறியாமையைவிட அபாயமானது.

1847-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனருகே மரத்தளம் கொண்ட வேறொரு ரயில் பாலம் தீப்பிடித்து எரிந்துபோனது. எஞ்சினின் நெருப்புப் பொறி தம் பாலத்தின் பலகைகளையும் பற்றிவிடப் போகிறதே என்று ஸ்டீவன்சன், அவற்றின்மேல் ஐந்து அங்குல கனத்துக்குச் சரளைக்கல் பரப்ப உத்தரவிட்டார். அந்த வேலை நடந்தது மே 24-ஆம் தேதி. அன்று மாலை ரூவாபனை நோக்கிச் சென்ற பிரயாணி வண்டி கடைசிக் கண்ணைத் தாண்டும்போது வெளிப்புற உத்தரம் முறிந்தது. எஞ்சின் மட்டும் அக்கரையைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வந்த பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. ஐந்து பேர் மாண்டார்கள். பாலம் திறந்து ஓராண்டும் ஆகவில்லை. தீக்கு அஞ்சிச் சேர்த்த கல்லே பாரமாக வந்து முடிந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பலவீனம் முன்பே இருந்தது, கல் அதற்குத் தேதி குறித்துக்கொடுத்தது.

மரண விசாரணையில் ஸ்டீவன்சன் வெளிறிய முகத்துடன் வந்து நின்றார். முதலில் வண்டி தடம் புரண்டு மோதியதாகவும், அந்த மோதலில்தான் உத்தரம் முறிந்ததாகவும் அவர் சாதித்தார். ஜோசப் லாக் முதலிய பிரபல என்ஜினீயர்கள் அவர் பக்கமே பேசினார்கள். பாலத்துக்கு வர்ணம் பூசிய தொழிலாளி ஒருவனோ, வண்டிகள் கடக்கும்போதெல்லாம் உத்தரங்கள் அங்குலக் கணக்கில் தாழ்வதைத் தன் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னான். பட்டறையின் பண்டிதர்களைவிட ஏணிமேல் நின்றவன் இரும்புக்கு அருகில் இருந்தான்! செஸ்டர் ஜூரிகள் இதைத் தற்செயலான மரணம் என்றே தீர்ப்பளித்தாலும், முறிவுக்குக் காரணம் உத்தரத்தின் வலுவின்மையே என்று தயங்காமல் சொல்லி, இத்தகைய பாலங்களைப் பற்றி அரசாங்கம் விசாரிக்க வேண்டுமென்றும் கோரினார்கள். முறிவின் சரியான காரணத்தைப் பற்றி இன்றுவரை நிபுணர்களிடையே ஏகோபித்த கருத்தில்லை. உத்தரம் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது என்பாரும், ஓயாத அசைவால் களைத்த இரும்பில் மெல்லிய வெடிப்புப் படர்ந்தது என்பாரும் உண்டு.

ஜூரிகளின் கோரிக்கைக்கு இணங்கி அதே ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. ஹாட்ஜ்கின்சனும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸும் அதன் அங்கத்தினர்கள். இப்படியொரு குழு விதிகளைப் போட்டு நாளைய முன்னேற்றத்தின் காலில் விலங்கு மாட்டிவிடும் என்று என்ஜினீயர் இஸம்பார்ட் புருனெல் கடுமையாக ஆட்சேபித்தார். அவர் பயத்தில் பாதி நியாயமுண்டு. மறுபாதிக்கு ஐந்து உயிர்கள் பதில் சொல்லிவிட்டன. அசையாத பாரம் வேறு, ஓடிவரும் பாரம் வேறு என்பதை அளந்து பார்ப்பதற்காகப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் சரிவிலிருந்து வண்டியை உருட்டி இரும்புச் சட்டங்களின் மேல் ஓடவிட்டார்கள். வில்லிஸ் கேம்பிரிட்ஜில் நுட்பமான கருவி அமைத்து அதையே மறுபடி சோதிக்க, அதில் எழுந்த கணித சமன்பாட்டை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1849-இல் தீர்த்துக் கொடுத்தார். விழுந்த பாலம் ஒன்று, இளம் கணித மேதையின் மேஜைக்கு இவ்விதம் வந்து சேர்ந்தது. அத்துடன், ஒரு சட்டத்தை முறிக்க வேண்டிய பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினாலே வார்ப்பிரும்பு அதைப் பொறுப்பது அரிது என்றும் கண்டார்கள். ஆகையால், ரயில் பாலத்தின் மேல் வரக்கூடிய மிகப் பெரிய பாரம் அதை முறிக்கும் பாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்று 1849-ஆம் ஆண்டு அறிக்கையில் சிபாரிசு செய்தார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் மெனாயின் முதற்குழாய், 1,500 டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, தோணிகளின் மேல் மிதந்து கோபுரங்களின் அடியை அடைந்தது. தொழிலில் போட்டியாளர்களான புருனெலும் லாக்கும் அன்று ஸ்டீவன்சனின் பக்கத்தில் வந்து துணை நின்றார்கள். மனத்துக்கு இதமான காட்சி. நீரழுத்த யந்திரத்தால் குழாயைச் சிறுகச் சிறுக உயர்த்துகையில், உயர உயர அதன் அடியில் அணை கொடுத்துக்கொண்டே வர வேண்டுமென்று ஸ்டீவன்சன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகஸ்டு 17-ஆம் தேதி யந்திரத்தின் அடிப்பகுதி வெடித்துத் தெறித்தது. அடியில் அணை இருந்தபடியால் குழாய் ஒன்பது அங்குலமே இறங்கி நின்றது. அணையில்லாவிடில் மொத்தமும் ஜலசந்திக்குள் போயிருக்கும். வெடித்த அந்தப் பாகம் எதனால் ஆனது என்று வாசகர் ஊகித்திருக்கக்கூடும். வார்ப்பிரும்புதான்.

பிரிட்டானியா என்று பெயர் பெற்ற அந்தப் பாலத்தின் கடைசி ரிவெட்டை 1850-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி ஸ்டீவன்சனே அடித்தார். பெருமை யாருக்கு என்ற தகராறில் ஃபேர்பேர்ன் அதற்குள் விலகிப்போய், தம் பக்கத்து நியாயத்தைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டுவிட்டார். சங்கிலி விஷயத்தில் அவர் சொன்னதே பலித்தது என்பதை மட்டும் எவரும் மறுக்கவில்லை. டீ பாலம் கற்றுத்தந்ததை ரயில்வே கம்பெனிகள் அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டதாகவும் சொல்வதற்கில்லை. வார்ப்பிரும்பு உத்தரங்கள் பல பாதைகளில் நீடித்தன. 1891-ஆம் ஆண்டு மே முதல் தேதி லண்டனையடுத்த நார்வுட் சந்திப்பில் அத்தகைய உத்தரம் ஒன்று ரயிலின் அடியில் முறிந்த பிறகே, அவற்றை ஒட்டுமொத்தமாக மாற்றும் வேலை தொடங்கிற்று.

பிரிட்டானியாவின் குழாய்கள் 1970-இல் ஏற்பட்ட தீவிபத்தில் உருக்குலைந்துவிட்டன. இப்போது ரயில் செல்வது எஃகு வளைவுகளின் மேல். பழைய குழாயின் துண்டு ஒன்றைப் பாலத்தருகே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கற்கோபுரங்கள் மட்டும் பழையவையே. சங்கிலிகளுக்காக அவற்றின் உச்சியில் விட்ட துளைகளை, ஒரு நாளும் சங்கிலி நுழையாதபடியே, இன்றும் காணலாம்.