ஊமையான கம்ப்யூட்டர் வாய் திறக்குமா? எடைக்குப் போடும் முன் துப்பு துலக்குங்கள்!

விரிஞ்சிபுரம்–

"உசிர் இருக்கு. பேச்சுதான் இல்லை!"

பரணில் இருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கிப் பார்ப்பவர்கள் சொல்லுகிற வார்த்தை இது. திரை எரிகிறது. மௌஸ் ஓடுகிறது. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

உடனே என்ன சொல்கிறார்கள்? "எடைக்குப் போட்டுடு!"

அவசரப்படாதீர்கள்!

தாத்தாவின் குரல்

விரிஞ்சிபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 1999-ல் வாங்கிய கம்ப்யூட்டர். அதற்குள் மறைந்துபோன தாத்தாவின் குரல் பதிவாகி இருக்கிறது. விண்டோஸ் 98-ல் இருந்த 'சவுண்டு ரெக்கார்டர்' வழக்கமாக ஒரே மூச்சில் 60 விநாடிதான் பதியும். அந்த ஒரு நிமிஷக் குரல் காயலான் கடைக்குப் போய்விட்டால் திரும்ப வருமா?

ஆகவே முதல் வேலை குரலைக் காப்பாற்றுவது. குரல் இருப்பது டிஸ்க்கில். அதைக் கேட்கத்தான் சவுண்டு கார்டு வேண்டும், காப்பி எடுக்க வேண்டாம். சாதாரணத் தரத்தில் பதிந்த ஒரு நிமிஷக் குரல் ஏறக்குறைய 13 லட்சம் பைட்டு. 1.44 எம்.பி. பிளாப்பி ஒன்றில் அடங்கிவிடும். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் மூலம் இன்றைய கம்ப்யூட்டரிலும் கேட்கலாம்.

காப்பி எடுத்தாச்சா? இனி துப்பு துலக்கலாம்.

சில்லறைக் குற்றவாளிகள்

சில சமயம் குற்றவாளி வெளியிலேயே நிற்பான். ஸ்பீக்கர் ஒயரை மைக் ஓட்டையில் சொருகி இருப்பார்கள். திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் திறந்தால் 'மியூட்' கட்டத்தில் டிக் இருக்கும். பழைய கார்டுகளில் சிலவற்றின் முதுகில் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. அதுவும் சத்தத்தைக் குறைக்கும்.

அடுத்து கார்டு. மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை மெல்ல வெளியே எடுங்கள். பித்தளை நிறத்தில் மின்னும் விளிம்பு கறுத்துப்போய் இருந்தால், பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் துடைத்து அழுத்திச் சொருகுங்கள். மானிட்டரை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள மின்சாரம் ஆளையே அடித்துவிடும்.

ஒரே மணி, இரண்டு பேர்!

அப்புறமும் பேசவில்லையா? இப்போதுதான் முக்கிய ஆசாமியைப் பிடிக்க வேண்டும்.

ஆபீசில் ஒரே ஒரு பியூன். அவரை அழைக்க 16 மணிகள். பழைய கம்ப்யூட்டரின் கதை இதுதான். கீபோர்டுக்கு 1-ம் எண் மணி. பிரிண்டருக்கு வழக்கமாக 7. சவுண்டு கார்டுக்குப் பெரும்பாலும் 5. இந்த மணிக்குப் பெயர் 'ஐ.ஆர்.க்யூ'. நெட்வொர்க் கார்டும் 5-ம் மணியைப் பிடித்துக்கொண்டால் யார் அழைத்தது என்று பியூனுக்குத் தெரியாது. ஒரு துண்டுச் சத்தம் கீறல் விழுந்த இசைத்தட்டுபோல் திரும்பத் திரும்பக் கேட்கும். சில சமயம் மெஷினே உறைந்துவிடும்.

மணி மட்டும் போதாது. கார்டுக்கு ஒரு வீட்டு எண்ணும் உண்டு. அது வழக்கமாக 220. அது தப்பினால் கார்டு இருப்பதே மெஷினுக்குத் தெரியாது. ஒலியைக் கொண்டுபோக ஒரு குறுக்குப் பாதை, அதற்குப் பெயர் 'டி.எம்.ஏ'. வழக்கமாக 1.

விண்டோஸ் 98-ல் 'மை கம்ப்யூட்டர்' படத்தை வலது பொத்தானால் அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' போய், 'டிவைஸ் மேனேஜர்' பாருங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் அதுதான் துப்பு! அதை 'ரிமூவ்' செய்து மெஷினை மறுபடி ஏற்றினால் பல நேரம் எண்கள் தானாகவே சரியாகும். ஆகாவிட்டால் 'ரிசோர்சஸ்' பக்கத்தில் கையால் மாற்றலாம்.

பழைய டாஸ் விளையாட்டுகள் 'ஆட்டோ எக்சிக்' பைலைப் பார்க்கும். அங்கே 'செட் பிளாஸ்டர்' என்று தொடங்கும் வரியில் ஏ220 ஐ5 டி1 என்று மூன்று எண்களும் இருக்கும். இவை கார்டின் எண்களோடு பொருந்த வேண்டும்.

சிங்கப்பூர் சரக்கு

'பிளாஸ்டர்' என்ற பெயர் வந்த கதை சுவையானது. ஆரம்ப காலத்தில் பி.சி.க்குப் 'பீப்' என்ற கூச்சல் தவிர வேறு பேச்சு கிடையாது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 'சவுண்டு பிளாஸ்டர்' கார்டைக் கொண்டு வந்தது. கம்பெனியை 1981-ல் தொடங்கியவர் சிம் வோங் ஹூ. 2023 ஜனவரி 4-ந் தேதி காலமானார். அந்தக் கார்டு உலகம் முழுக்கப் பரவவே, மற்ற கம்பெனிகளும் "எங்கள் கார்டும் பிளாஸ்டர் மாதிரியே" என்று விற்றன.

சிக்கலும் அங்கேதான். பெட்டியின் மீது ஒரு பெயர், உள்ளே வேறு சிப்! ஆகவே பெட்டியை நம்பாதீர்கள். கார்டில் உள்ள பெரிய கறுப்புச் சிப்பின் மேல் இருக்கும் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் கார்டு என்றால் 'சி.டி' என்று தொடங்கி நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அதற்கு ஏற்ற டிரைவரைத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் மறுபடியும் ஊமைதான்.

நிழல் சொல்லும் நேரம்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் உண்டு. உரிய பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். குச்சியை வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கல் பொய் சொல்கிறது என்று பழி போடலாமா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். எண் இடம் மாறிப்போனதால் மௌனமான மெஷினைச் செத்துப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய மானிட்டரின் கண்ணாடியிலும், சர்க்யூட் போர்டின் ஈயப்பற்றிலும் ஈயம் இருக்கிறது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு ஊரறிந்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்ல நேர்ந்தது. அதே கரையில் ஈயத்தையும் கொட்ட வேண்டுமா?

உண்மையிலேயே உயிர் போய்விட்டால், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு ஸ்குரு டிரைவரும், ஒரு அழிரப்பரும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவழியுங்கள்.

தாத்தா பேசினாலும் பேசுவார்!