முந்திப் புறப்படுவோரும் பிந்திப் புறப்படுவோரும்

வைகாசியில் சோளகம் எழுந்துவிட்டால், மன்னார்க் கரையில் சிலாவத்துறையிலிருந்து முள்ளிக்குளத்தை நோக்கித் தெற்கே சைக்கிள் மிதித்துப் போகிறவன், தனக்கு முன்னால் வேறு யாராவது போகிறார்களா என்றுதான் முதலில் கண்ணை ஓட்டுவான். முன்னே போகிறவனுடைய பின்சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் தன் முன்சில்லை வைத்துக்கொண்டு, அவன் முதுகின் மறைவில் குனிந்து மிதித்தால், நெஞ்சில் அடிக்கிற காற்றின் பாரம் கணிசமாகக் குறையும், முழங்கால் இலேசாகும். சற்றுத் தூரம் போனதும் முன்னவன் திரும்பிப் பார்த்து, "இனி நீ வா முன்னுக்கு" என்பான். போகத்தான் வேண்டும், அதுதான் மரியாதை. கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகும் வியாபாரியும், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் எவரும் கற்பியாமலே அறிந்து வைத்திருக்கும் இந்தச் சூட்சுமத்தின் மேல்தான் உலகத்துத் தெருச் சைக்கிள் பந்தயங்கள் பெரும்பாலும் நிற்கின்றன. அவற்றுள் மிக விநோதமானதும், என் அபிப்பிராயத்தில் மிக நியாயமானதுமான ஒருவகைப் பந்தயம், தான் செழித்து வளர்ந்த அவுஸ்திரேலியாவின் ஊர்க் கழகங்கள் பலவற்றிலேயே இன்று ஆள் சேராமல் மெலிந்துவருகிறது. அது ஏன் மெலிகிறது என்று விசாரிப்பது, அந்தத் தேசத்தைக் காணாத நமக்கும் பிரயோஜனமான காரியமே.

ஹண்டிகப் ஓட்டம் என்பது அதன் பெயர். சாதாரணப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே சமிக்ஞையில் புறப்படுகிறார்கள். வெல்லப்போகிறவன் யாரென்பது பெரும்பாலும் புறப்படுமுன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும். ஹண்டிகப்பிலோ, வேகம் குறைந்தவர்கள் ஒரு கூட்டமாக முதலில் விடப்படுகிறார்கள். சில நிமிஷங்கள் கழித்து அவர்களிலும் சற்று வல்லவர்கள். இப்படிக் கூட்டம் கூட்டமாக விட்டுக்கொண்டே போய், அதிசூரர்களைக் கட்டக் கடைசியாகத் துரத்திப் பிடிக்க அனுப்புகிறார்கள். முதற் கூட்டத்துக்கு லிமிட் என்றும், கடைசிக் கூட்டத்துக்கு ஸ்க்ராட்ச் என்றும் அங்கே பெயர். 60 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் போகிறவர்களுக்கு அத்தூரத்தைக் கடக்க 120 நிமிஷம் வேண்டும். 36 போகிறவர்களுக்கு 100 நிமிஷம். 40 போகிறவர்களுக்கு 90 நிமிஷம் போதும். ஆகவே முதற் கூட்டம் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால், இரண்டாவது கூட்டம் ஏழு இருபதுக்கும், சூரர்கள் ஏழரைக்கும் புறப்படவேண்டும். கணக்குப் பிசகாவிட்டால் மூன்று கூட்டமும் ஒன்பது மணிக்கு முடிவுக் கோட்டை ஒருமிக்க நெருங்கும். முதலில் கோட்டைத் தொட்டவனே வெற்றியாளன், அவன் எந்தக் கூட்டத்தில் வந்தவனாயிருந்தாலும் சரி. ஆகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவனுக்குத் தனிப் பரிசும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் அறுபது வயதுக் கிழவரும், சென்ற மாதம் சேர்ந்த பெண்பிள்ளையும், தேசிய வீரனும் ஒரே பந்தயத்தில் மெய்யாகவே போட்டியிடுகிறார்கள் என்பதுதான் விசேஷம். பலவீனன் இங்கே ஒப்புக்குச் சப்பாணி அல்லன். அவனையும் பிடித்தாலொழியச் சூரனுக்கு வெற்றி இல்லை. மேலும், ஒரே கூட்டத்தில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகளாயினும், பின்னால் வருகிற கூட்டம் பிடித்துவிடாமல் இருக்கவேண்டுமானால், முறைவைத்து முன்னுக்குப் போய்க் காற்றை வாங்கி, முறைமுடிந்ததும் விலகிப் பின்னுக்கு வந்து, கடைசிக் கிலோமீற்றர் வரை கூட்டாளிகளாகவே உழைத்தாகவேண்டும். தன் முறையை ஏமாற்றிப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, முடிவில் மட்டும் பாய்கிறவனை அந்தக் கழகத்துக்காரர் இலகுவில் மன்னிப்பதில்லை.

நேரத்தைப் பகிர்ந்து கொடுக்கிறவர் ஹண்டிகப்பர் எனப்படுவார். பெரும்பாலும் அவர் ஓய்ந்துபோன பழைய ஓட்டக்காரர். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கும். சென்ற பந்தயங்களின் நேரங்கள் கொப்பியில் இருக்கலாம்; ஆனால் எவனுக்குப் போன கிழமை காய்ச்சல், எவன் வீட்டில் பிறந்த குழந்தை இரவெல்லாம் அழுகிறது, எவன் தன் பலத்தை ஒளித்து இரண்டு நிமிஷம் கூட வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்பனவெல்லாம் கொப்பியில் இரா; அவை ஞாயிறு தவறாமல் முகங்களைப் பார்த்துப் பார்த்து மனத்தில் படிந்தவை. அவருடைய தீர்ப்பைப் பற்றி முணுமுணுக்காதவன் யாருமில்லை. எல்லாத் தரப்பாரும் சமமாக முணுமுணுத்தால் கணக்குச் சரி என்று அவர் திருப்தியடையலாம்.

இத்தகைய ஓட்டங்களின் மீது அவுஸ்திரேலியருக்கு உள்ள அபிமானம் பழையது. விக்ரோரியா மாநிலத்து ஸ்டோவெல் பட்டினத்தில் 1878ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் புகழ்பெற்ற கால் ஓட்டப் பந்தயமும் இதே முறையிலானது. அங்கே நேரத்துக்குப் பதிலாகத் தூரத்தை விட்டுக்கொடுப்பார்கள். அதே மாநிலத்தில் 1895ஆம் ஆண்டில் மெல்பேர்ணுக்கும் வார்ணம்பூலுக்கும் இடையே தொடங்கிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், இன்றும் நடந்துவரும் ஒருநாள் தெருப் பந்தயங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. முதலாண்டில் அதை வென்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த அன்ட்றூ கால்டர். ஹியூபேர்ட் ஒப்பர்மன் என்பவர் 1924, 1926, 1929 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதில் அதிவேக நேரத்துக்கான விருதைப் பெற்றார். 1928இல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் மகா பந்தயத்தில் ஓடிப் பதினெட்டாவதாக வந்தார். கடைசியாகப் புறப்பட்டு முன்னே போனவர்களையெல்லாம் துரத்துவதிலேயே இளமையைக் கழித்த இந்த மனிதர், பிற்காலத்தில் அரசியலில் நுழைந்து குடிவரவு அமைச்சரானார். வெள்ளையரல்லாத தகுதியுடையோருக்கும் அவுஸ்திரேலியாவின் கதவு சற்றே திறக்கப்படும் என்ற அறிவிப்பை 1966ஆம் ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வெளியிட்டவர் அவரே. இன்று மெல்பேர்ணில் குடியிருக்கும் நம்மவர்களுள் எத்தனை பேர் இந்தச் சைக்கிள்காரரின் பெயரை அறிவார்களோ!

அந்த மெல்பேர்ண்–வார்ணம்பூல் பந்தயமே ஒரு நூற்றாண்டுக் காலம் ஹண்டிகப்பாக ஓடியபின், 1996ஆம் ஆண்டில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் சாதாரணப் பந்தயமாக மாற்றப்பட்டது. சர்வதேசத் தரத்துக்கு அதுவே பொருந்தும் என்பார்கள், பொருந்தலாம். ஊர்க் கழகங்களின் கதையோ வேறு. தெருவில் பந்தயம் வைப்பதற்குப் பொலிசாரிடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் அநுமதி, வாகனங்களை நிறுத்தவும் திருப்பவும் திட்டம், அதை வரைந்து நடத்துகிறவர்களுக்குக் கூலி, காப்புறுதி, முடக்குக்கு முடக்குக் கொடி பிடிக்கத் தொண்டர்கள் என்று செலவும் சிரமமும் ஏறிக்கொண்டே போகின்றன. வாகன நெரிசல் பெருகப் பெருக, முன்னாளில் வெறிச்சோடிக் கிடந்த கிராமத் தெருவில் கூட மனைவி மக்கள் உள்ளவன் பயந்தே ஓடுகிறான். 2009இல் வந்த ஸ்ட்ராவா என்னும் செயலி, தனியாக ஓடுகிறவனுக்கும் அவனுடைய நேரத்தை ஊர் முழுவதோடும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. 2014இல் வந்த ஸ்விஃப்ற், சைக்கிளை வீட்டறைக்குள் நிறுத்திவைத்துத் திரையில் தெரியும் தெருவிலே ஓட வைக்கிறது. அங்கே மழையில்லை, லொறியில்லை, கொடி பிடிக்க வாருங்கள் என்று கேட்கிறவனும் இல்லை. இளைஞர்களைக் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சௌகரியம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால் எந்தத் தலைமுறையும் அதைத்தான் எடுக்கும்.

ஆனால் வேறெந்தப் பந்தயத்தையும் விட ஹண்டிகப்பை ஆட்குறைவு அதிகமாகத் தாக்குவதற்கு அதன் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பத்துப் பேர் முறைவைத்து ஓடும் கூட்டத்தில் ஒருவன் தன் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் காற்றை நேருக்கு நேர் சந்திக்கிறான். மூவரே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பத்துப் பேராக மணிக்கு 40 கிலோமீற்றர் போகக்கூடிய சூரர்கள், மூவராக வந்தால் அந்த வேகத்தைக் கடைசிவரை தாங்கமாட்டார்கள். நாற்பது என்று நம்பி ஹண்டிகப்பர் கொடுத்த நிமிஷங்களோ மாறாமல் நிற்கும். சூரர்கள் எவரையும் பிடிக்காமல் வெறுந் தெருவில் களைத்து வருவார்கள். அல்லது எதிர்மாறாக, லிமிட்டில் இருவர் மாத்திரமே நின்று, பாதித் தூரத்திலேயே பிடிபட்டு உதிர்வார்கள். கணக்குப் பிழைத்தால் ஓடினவன் சலிப்பான். சலித்தவன் அடுத்த ஞாயிறு வரமாட்டான். அவன் வராவிட்டால் அடுத்த கணக்கு இன்னும் பிழைக்கும். வருகிறவர்களும் இடைக்கிடை வருவதால், முகம் பார்த்து மனத்தில் எழுதிய அந்தக் கொப்பியும் வெறுமையாகிவிடுகிறது. முதலில் விலகுகிறவர்கள் லிமிட் கூட்டத்துக் கிழவர்களும் புதியவர்களுமானால் நஷ்டம் இரட்டிப்பாகும். ஏனெனில் மற்றை நாட்களில் கொடி பிடிப்பதும் தேநீர் ஊற்றுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

நம்முடைய கரைக்கு வருவோம். 1990இன் பின் வடக்கே பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் கிடைக்காதிருந்த ஆண்டுகளில், நோயாளியையும் நெல்மூட்டையையும் விறகையும் சுமந்தது சைக்கிள்தான். பாரில் ஒருவர், கரியரில் ஒருவர் என்று குடும்பமே அதில் பிரயாணம் செய்தது. அத்தனை பலமுள்ள கால்கள் இருந்த காலத்தில் பந்தயம் வைக்கத்தான் அமைதி இல்லை. 1990 ஒக்டோபரில் சிலாவத்துறையும் முள்ளிக்குளமும் அடங்கிய முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தார் இராணுவத்தினரால் வெளியேற்றப்பட, ஊர் கடற்படையின் முகாமாயிற்று. திரும்பி வந்தவர்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டிருந்து, 2017இல் வீதியோரம் உட்கார்ந்து போராடிய பின்னரே, நிலத்தில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. ஒருவன் பலம் இன்னொருவனுக்குத் தெரிய வேண்டுமானால், இருவரும் ஒரு தெருவில் சில வருஷங்களாவது சேர்ந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு இங்கே இரண்டு தரம் பறிபோயிற்று.

யுத்தத்தின் பின் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது. மீன்பெட்டியும் அதற்கு மாறியது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாக்களுக்கு ரயரும் ரியூப்பும் தேடி மக்கள் அலைந்தார்கள். வரிசை குறைந்ததும் பல சைக்கிள்கள் பழையபடி தாழ்வாரத்துக்கே போயின. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் சைக்கிள் ஓட்டம் நம் பக்கங்களில் இன்னும் உண்டு. ஆனால் கியர் பூட்டிய றேசிங் சைக்கிளில் வருகிற ஒருவனையும், மட்காட்டும் கரியருமாக வருகிற இருபது பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசிலடித்தால், முதல் மைல்கல்லிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. மறுவருஷம் அந்த இருபது பேரில் பாதிப்பேர் பார்வையாளராகத்தான் வருவார்கள்.

ஆகவே மன்னார்க் கரையின் கழகங்களுக்கு என் விண்ணப்பம் இது. அடுத்த ஓட்டத்தைச் சிலாவத்துறையில் தொடங்கி முள்ளிக்குளத்தில் முடியும் ஹண்டிகப்பாக ஒரு தரம் நடத்திப் பாருங்கள். பழைய சைக்கிளையும் ஐம்பது தாண்டியவரையும் பெண்பிள்ளைகளையும் முதலில் விடுங்கள். றேசிங்காரனைக் கடைசியில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு வாகனமும், சந்திகளில் கொடி பிடிக்கச் சிலரும், பொலிசின் சம்மதமும், ஒரு மணிக்கூடும், இவ்வூர்ப் பிள்ளைகளின் கால்களை அறிந்த ஒரு பெரியவரும் இருந்தால் போதும். சோளக மாதங்களில் வைப்பதானால், காற்று இறுகுமுன் விடியற்காலையிலேயே விட்டுவிடுங்கள். எதிர்க்காற்றுக்கென்று லிமிட்டுக்கு இரண்டு நிமிஷம் கூடக் கொடுக்கவும் மறவாதீர்கள்.