உபதொழில் தொடங்குமுன் உங்கள் இயல்பை எடைபோடுங்கள்

சேலம் அம்மாபேட்டை உழவர் சந்தையில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரே ஊரிலிருந்து ஒரே ரகக் கத்தரிக்காயுடன் வந்த இரு விவசாயிகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். பலகையில் எழுதிய விலை இருவருக்கும் பொது. ஒருவர் வருவோரை முகம் பார்த்து அழைத்து, தெரிந்தவர்களிடம் நலம் விசாரித்து, வெயில் ஏறுமுன் கூடையைக் காலி செய்துவிடுவார். மற்றவர் வாய் திறவாமல் அமர்ந்திருந்து, பாதிக் காயை வீட்டுக்குச் சுமந்து செல்வார். அவருடைய தோட்டத்துக்குப் போனால் பாத்தியில் ஒரு களை இராது. அவர் திறமை குறைந்தவர் அல்லர். தம் இயல்புக்கு ஒவ்வாத வேலையில் அமர்ந்திருக்கிறார், அவ்வளவே.

ஓரிரு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள குடும்பம் உபதொழில் ஒன்றின்றி ஆண்டை ஓட்டுவது கடினம். உபதொழில் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். லாபம் எவ்வளவு? கடன் கிடைக்குமா? மானியம் உண்டா? "இந்த வேலை எனக்கு ஒத்து வருமா?" என்ற நான்காவது கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடு வாங்கினால் நாமும் மாடு வாங்குவது, அவர் கொட்டகை போட்டால் நாமும் கொட்டகை போடுவது என்று முடிவு செய்துவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளில் மாடு விலைபோய், கொட்டகையில் விறகு அடுக்கிய பின்னும் கடன் தவணை மட்டும் நிற்பதில்லை.

உரமிடுமுன் மண்ணைப் பரிசோதிக்கிறோம். தொழில் தொடங்குமுன் மனிதனையும் பரிசோதிக்க வேண்டாமா? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் வலியறிதலே முதலில் நிற்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் தொழில் ஆலோசனை நிலையம் நடத்திய பிராங்க் பார்சன்ஸ் என்பவர் எழுதிய நூல் 1909-இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை அவர் வகுத்தார். விவசாயிக்கும் இம்மூன்று படிகளே போதும். நம் பகுதித் தொழில்கள் சிலவற்றை இம்முறையில் பார்க்கலாம்.

கறவை மாடு

கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, பொங்கலும் இல்லை. தினமும் இரு வேளை, குறித்த நேரத்தில் கறக்க வேண்டும். நேரம் தவறினால் பால் குறையும்; மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கும் வழி ஏற்படும். ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். ஆகவே தீவனப்புல் அறுப்பதும் அன்றாட வேலை.

இதைவிட முக்கியமானது கூர்ந்து கவனிக்கும் குணம். சினைப்படாத பசு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்த அறிகுறிகள் ஒரு நாள் அளவே நீடிக்கும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். கவனிக்கத் தவறினால் மூன்று வாரத் தீவனச் செலவு வீண். ஒரே நேரத்தில் எழுந்து ஒரே வேலையைச் சலிப்பின்றிச் செய்பவருக்கு மாடு துணை நிற்கும். வெளியூர்ப் பயணமும் கட்சி வேலையும் அதிகம் உள்ளவர், வீட்டில் மாற்று ஆள் இல்லையெனில், மாட்டை நினைக்காமலிருப்பதே நல்லது.

பட்டுப்புழு

மாட்டு வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கும். பட்டுப்புழு வேலையோ அலை போன்றது. முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டத் தொடங்கும் வரை சுமார் 24 முதல் 28 நாட்கள். இதற்குள் புழு நான்கு முறை தோலுரிக்கும். தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாட்களில் தின்றுவிடும். அந்த வாரம் வீட்டில் எவரும் ஓய்ந்து உட்கார முடியாது. அந்த நாட்களில் உறவில் திருமணம் வந்தாலும் ஒருவர் தங்கியே ஆகவேண்டும்.

சுத்தம் இத்தொழிலின் உயிர்நாடி. கைகால் கழுவாமல் வளர்ப்பு மனைக்குள் நுழையலாகாது. மனையைக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால் பால்புழு நோய் வரும். புகையிலையும் பூச்சிமருந்தும் புழுவுக்கு நஞ்சு. பக்கத்து வயலில் தெளித்த மருந்து மல்பெரித் தழையில் படிந்தாலும் புழுக்கள் மடியும். சிறு விஷயங்களில் பிடிவாதமும், ஒரு மாதம் பாடுபட்டுச் சில நாட்கள் ஓயும் மனப்பாங்கும் உள்ள குடும்பத்துக்கு இது ஏற்றது. "பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பவருக்கு ஏற்றதன்று.

கோழி

நாமக்கல் முட்டையின் புகழ் பலரை இத்தொழிலுக்கு இழுக்கிறது. ஆனால் அங்குள்ள முட்டைப் பண்ணைகள் பலவும் பதினாயிரக்கணக்கில் கோழி வளர்ப்பவை என்பதைச் சிறு விவசாயி மறக்கக்கூடாது. முட்டைக்கோழி 18 முதல் 20 வாரங்களில்தான் முட்டையிடத் தொடங்கும். அதுவரை செலவு மட்டுமே. உற்பத்திச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. முட்டை விலையோ நம் கையில் இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் தோன்றியபோது, நோய் எட்டிப்பாராத நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்தது. தினமும் கணக்கு எழுதுபவரும், விலை விழுந்த இரவிலும் தூங்கக்கூடியவரும்தாம் இதில் நிற்க முடியும்.

விலை அச்சத்தைத் தாங்க இயலாதவர்க்கு ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு உண்டு. குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கிடைப்பது வளர்ப்புக் கூலி. சொன்ன முறையைச் சொன்னபடி செய்பவருக்கு இது பொருந்தும். தம் விருப்பப்படி நடக்க நினைப்பவருக்கு இதில் நிறுவனத்தாருடன் ஓயாத மனத்தாங்கலே மிஞ்சும்.

மரவள்ளியும் ஆடும்

மரவள்ளி காத்திருக்கத் தெரிந்தவரின் பயிர். நோயற்ற செடியிலிருந்து கரணை எடுத்து நட்டு, முதல் மூன்று மாதம் களையின்றிப் பார்த்துக்கொண்டால், பிறகு அன்றாட வேலை குறைவு. தறிக்கோ வேறு கூலிக்கோ செல்பவருக்கு இது வசதி. ஆனால் பணம் ஒன்பது பத்து மாதம் கழித்தே வரும். அதுவும் கிழங்கின் மாவுச்சத்தையும் ஆலையின் விலையையும் பொறுத்தது. வாரந்தோறும் கையில் காசு புழங்காவிட்டால் தவித்துப்போகிறவர் இதை மட்டும் நம்பலாகாது. வேலை குறைவு என்பதற்காகப் பயிரைப் பாராமலும் இருக்கக்கூடாது. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பின்னர் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து விட வேண்டியதாயிற்று.

ஆடு வளர்ப்பு வெயிலில் நெடுநேரம் நடக்கவும் தனிமையில் இருக்கவும் விரும்புவோர்க்கு உகந்தது. மேச்சேரி செம்மறியும் சேலம் கறுப்பு வெள்ளாடும் இம்மண்ணுக்குப் பழகிய இனங்கள். மேய்ச்சல் காடு இல்லாதவர், ஆசை இருந்தாலும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குறையை நிரப்பக் கூட்டு

ஒருவரிடம் எல்லா இயல்பும் அமைவதில்லை. அதற்காக ஒதுங்கிவிடவும் தேவையில்லை. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்த வரலாறே இதற்குச் சான்று. மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் சென்றுவந்த சேலம் மாணிக்கம் செட்டியாருக்கு வாணிபம் தெரியும். அங்கே அவர் சந்தித்த, பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு மரவள்ளி மாவு எடுக்கும் முறை தெரியும். இருவர் அறிவும் இணைந்தபோது 1943-இல் இங்கே அத்தொழில் தொடங்கியது.

சந்தையில் பேச வராத அந்தக் கத்தரி விவசாயிக்கும் இதே வழிதான். அவருடைய மனைவியோ தம்பியோ கலகலப்பானவராக இருந்தால் சந்தைக்கு அவர் போகட்டும். இவர் தோட்டத்தில் நிற்கட்டும். உழவர் சந்தை அட்டையில் குடும்பத்தார் பெயரையும் சேர்க்க முடியுமா என்று சந்தை அலுவலரிடம் கேட்டறியலாம். கணக்கில் நாட்டமில்லாதவர் வீட்டில் படித்த மகள் இருந்தால் பண்ணை நோட்டு அவளிடம் இருக்கட்டும்.

வீட்டாரைக் கேட்டீர்களா?

கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் ஆண். சாணி அள்ளிப் பால் கறப்பவர் பெண் என்பதே பல வீடுகளின் நிலை. அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதிகளில் தார் சுற்றுவதும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. அத்துடன் இரண்டு மாடுகளும் சேர்ந்தால் அவர் எப்போது உறங்குவார்? வேலையைச் செய்யப்போகிறவரின் இயல்பையும் சம்மதத்தையும் அறியாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவே.

சோதித்துப் பாருங்கள்

முடிவெடுக்குமுன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்கு உண்மையான விடை எழுதுங்கள்.

1. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க முடியுமா?

2. வருமானம் நாள்தோறும் வேண்டுமா, பல மாதம் காத்திருக்க முடியுமா?

3. விலை பாதியாகச் சரிந்தால் எத்தனை மாதம் தாங்கலாம்?

4. அந்நியரிடம் பேசி விற்பதில் விருப்பம் உண்டா?

5. நான் நோயில் படுத்தால் யார் செய்வார்?

எழுதிய பின் அத்தாளை வீட்டாரிடம் காட்டுங்கள். நம் குணம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, மனை கட்டுமுன் பட்டு விவசாயி ஒருவரிடம் ஒரு முழு வளர்ப்புக் காலம் உடனிருந்து வேலை செய்யுங்கள். பத்து மாடு வாங்குமுன் ஒரு மாட்டை ஒரு கறவைக் காலம் வைத்துப் பாருங்கள். காய்கறியைப் பத்து சென்டில் பயிரிட்டு நீங்களே விற்றுப் பாருங்கள். சிறு அளவில் தோற்றால் பாடம். கடன் வாங்கித் தோற்றால் நிலமே போகலாம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சிகள் நடைபெறுகின்றன. கடன் மனு எழுதுவதற்கு முன்பே அங்கு செல்வது முறை.

இயல்பு என்பது தலையெழுத்து அன்று. பழக்கத்தால் ஓரளவு மாறும். ஆனால் மாறும்வரை மாடு பட்டினி கிடக்காது, புழு காத்திருக்காது. மாட்டையும் விதையையும் பார்த்து வாங்குகிற விவசாயி, அவற்றோடு நாள்தோறும் மாரடிக்கப்போகும் தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பல கொட்டகைகள் காலியாக நிற்கமாட்டா.