முத்துப் பல் வேணுமா? ஒரு நிமிஷம் பாஸ்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ். குரூப் போட்டோவுக்கு எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. 'ஸ்மைல் ப்ளீஸ்'னு போட்டோகிராபர் சொன்னதும் மொத்த கேங்கும் பல்லைக் காட்ட, நீங்க மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கிறீங்களா? ஜோக் கேட்டு சிரிப்பு வந்தா, கை தானா வாய்ப்பக்கம் போகுதா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற ஆலந்தலை, முத்துக்குளித்துறைக் கடற்கரையைச் சேர்ந்த ஊர். 'முத்துப் பல்'ங்கிற வார்த்தை இந்தப் பக்கத்துக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும். இந்தக் கடல்ல நிஜமாவே முத்து எடுத்திருக்காங்க. தூத்துக்குடியில கடைசியா பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

சிப்பிக்குள்ள முத்து எப்படி வளருது தெரியுமா? தான் சுரக்கிற பொருளை சிப்பி அடுக்கடுக்கா பூசிக்கிட்டே போகும். ஆனா உங்க பல்லு மேல இருக்கிற எனாமல் அப்படி இல்லை. பல் வெளியே முளைக்கிறதுக்கு முன்னாடியே அது உருவாகி முடிஞ்சிடும். அப்புறம் தேய்ஞ்சாலும் உடைஞ்சாலும் திரும்ப வளராது. இதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

வெனீர்னா என்ன?

கார்பென்டர் அண்ணாச்சி பிளைவுட் மேல மைக்கா ஒட்டுவாரே, கிட்டத்தட்ட அதுதான். பல்லோட முன்பக்கத்துல ஒட்டுற மெல்லிய தகடு. ஏறக்குறைய 100 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்க பல் டாக்டர் சார்லஸ் பிங்கஸ், ஹாலிவுட் நடிகர்களுக்காக இதை ஆரம்பிச்சு வெச்சார். ஷூட்டிங் வரைக்கும்தான் ஒட்டும், அப்புறம் கழட்டி வெச்சிடணும். 1955-ல் மைக்கேல் பூனகோர், எனாமலை அமிலத்தால சொரசொரப்பாக்கினா பிசின் கெட்டியா பிடிச்சுக்கும்னு கண்டுபிடிச்சார். அந்த முறையை வெச்சு 1980-கள்ல பீங்கான் வெனீரை நிரந்தரமா ஒட்ட ஆரம்பிச்சாங்க.

இன்னிக்கு முக்கியமா ரெண்டு வகை. காம்போஸிட்: பல்லு கலர்ல இருக்கிற பிசினை டாக்டரே பல்லு மேல வெச்சு வடிவம் கொடுப்பார். பெரும்பாலும் ஒரே சிட்டிங். செலவு கம்மி, ஆனா சீக்கிரம் கறை பிடிக்கும். பீங்கான்: அளவெடுத்து லேப்ல செஞ்சு வரும். விலை அதிகம், பளபளப்பும் ஆயுளும் அதிகம்.

கறை உங்க தப்பா?

பல்லுல பழுப்புக் கோடு, வெள்ளைத் திட்டு இருந்தா, "ஒழுங்கா பல்லு விளக்க மாட்டியா?"னு கேட்காத ஆள் கிடையாது. ஆனா நிறைய பேருக்குக் காரணம் குடிச்ச தண்ணி! சின்ன வயசுல, எனாமல் உருவாகிற நேரத்துல ஃபுளோரைடு அதிகமான தண்ணி குடிச்சா பல்லுல கறை படியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில இந்தப் பிரச்னை இருந்ததாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நம்ம தூத்துக்குடி மாவட்டத்துலயும் ஓட்டப்பிடாரம் பக்கம் சில ஊர்கள்ல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. அதனால கூச்சப்பட வேண்டிய ஆள் நீங்க இல்லை.

முதல்ல சின்ன வைத்தியம்!

டாக்டர்கிட்ட போனதும் 'வெனீர் போடுங்க'னு ஆரம்பிக்காதீங்க. 'இது என்ன கறை?'னு கேளுங்க. டீ, வெற்றிலைக் கறைன்னா கிளீனிங் போதும். பொதுவான மஞ்சள்னா பிளீச்சிங். லேசான ஃபுளோரைடு திட்டுன்னா மேலாப்புல மெருகேத்துற முறை இருக்கு. ஓரம் உடைஞ்ச பல்லுக்குக் கொஞ்சம் காம்போஸிட் வெச்சாலே ஆச்சு. வரிசை தப்பியிருந்தா கிளிப். இதெல்லாம் சரிப்படலைன்னாதான் வெனீர்.

ஏன் இவ்வளவு சொல்றேன்? பீங்கான் வெனீர் ஒட்ட, பெரும்பாலும் சுமார் அரை மில்லிமீட்டர் எனாமலைச் சீவி எடுக்கணும். முன்பல்லுல எனாமலே கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்தான்! சீவினது சீவினதுதான். அப்புறம் வெனீர் இல்லாம அந்தப் பல்லு இருக்க முடியாது.

இப்போ ஒரு கணக்கு. நல்லா பார்த்துக்கிட்டா பீங்கான் வெனீர் 10 முதல் 15 வருஷம் வரும். உங்களுக்கு 21 வயசுன்னா, 36-ல் ஒரு தடவை, 51-ல் ஒரு தடவை, 66-ல் ஒரு தடவை மாத்தணும். ஒவ்வொரு தடவையும் பல்லுக்குப் பல் காசு. இன்னிக்கு ஈ.எம்.ஐ. போட்டு எட்டுப் பல்லுக்கு ஒட்டுறதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கை வீட்ல உட்கார்ந்து போடுங்க. துருக்கிக்குப் போய் கம்மி விலையில பல்லு கட்டிக்கிட்டு வந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் நிறைய பேருக்கு நல்ல பல்லையே முளை மாதிரி சீவிட்டாங்க. அங்கே இருக்கிற பல் டாக்டர் சங்கமே எச்சரிக்கை விட வேண்டியதாச்சு.

போட்டாச்சா? இதைக் கவனிங்க!

* நண்டுக் காலை முன்பல்லால உடைக்கிற வீரம் இனி வேண்டாம். அம்மிக்குழவி எதுக்கு இருக்கு?

* தூண்டில் நரம்பைப் பல்லால கடிச்சு அறுக்கிறது, சோடா மூடியைத் திறக்கிறது, நகம் கடிக்கிறது... மூணுக்கும் டாட்டா.

* உடன்குடி கருப்பட்டியை உடைச்சு, கடைவாயில போட்டு சாப்பிடுங்க. பனங்கிழங்கு நாரைக் கையால உரிங்க.

* உப்பு, கரித்தூள், சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு போயிடும். மென்மையான பிரஷ், சாதா ஃபுளோரைடு பேஸ்ட், தினம் ரெண்டு வேளை. பல்லிடுக்குக்கு நூல்.

* வெனீருக்கு சொத்தை வராது. ஆனா அது ஒட்டியிருக்கிற ஓரத்துல உங்க பல்லுக்கு வரும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

* தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. ராத்திரி மாட்டிக்க ஒரு கவசம் செஞ்சு தருவாங்க.

* பிளீச் பண்றதா இருந்தா வெனீருக்கு முன்னாடியே பண்ணிடணும். ஒட்டின வெனீர் அப்புறம் வெளுக்காது.

யார்கிட்ட போகணும்?

1948-ம் வருஷ பல் மருத்துவர்கள் சட்டம் வந்ததுல இருந்தே, பதிவு பெற்ற டாக்டர்தான் பல்லுல கை வைக்கலாம்ங்கிறது நம்ம நாட்டு நடைமுறை. பியூட்டி பார்லர்ல 'ஸ்மைல் டிசைன்'னு போர்டு இருந்தா, அப்படியே யூ-டர்ன். டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: 'எவ்வளவு சீவுவீங்க? சீவாம முடியுமா? உடைஞ்சா என்ன செய்வீங்க?' ஒட்டுறதுக்கு முன்னாடியே வடிவத்தைத் தற்காலிகமா வெச்சுக் காட்டவும் சொல்லலாம். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடத்துல வாயைத் திறக்காதீங்க!

எல்லாம் கேட்டு, யோசிச்சு, வெனீர்தான்னு முடிவு பண்ணா சந்தோஷமா போடுங்க. வேண்டாம்னு முடிவு பண்ணாலும் அதே சந்தோஷம்தான். கடல்ல எடுத்த முத்துலயும் பாதி கோணல், பாதி மங்கல். அதையும் முத்துன்னுதான் சொன்னாங்க. அடுத்த குரூப் போட்டோவுல கையைக் கீழே இறக்குங்க பாஸ்... ஸ்மைல் ப்ளீஸ்!