கேட்டால் மட்டும் போதுமா? பாட்காஸ்ட் பாடம் வயலுக்கு வரும் வழி

1960-களில் தஞ்சைப் பகுதி விவசாயிகள் ஆடுதுறை-27 என்ற குறுகிய கால நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் அந்த ரகம் ஊர் ஊராகப் பரவியதால் வந்த பெயர் அது. இன்று வானொலியின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. பாட்காஸ்ட், யூடியூப் பாடம், வாட்ஸ்அப் குரல் பதிவு என்று நாள் முழுக்கக் கேட்க விஷயம் உண்டு. ஆனால், கேட்டதில் எவ்வளவு வயலுக்கு வருகிறது?

புனே காட்டிய வழி

1956-ல் புனே வானொலி, யுனெஸ்கோ உதவியோடு சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வொரு ஊரிலும் சுமார் 20 பேர் வாரம் இருமுறை கூடி, அரை மணி நேர நிகழ்ச்சியைக் கேட்டார்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசினார்கள். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். வானொலிப் பெட்டி இருந்தும் இப்படிக் குழு கூடாத ஊர்களைவிட, கூடிய ஊர்களில்தான் புதிய விஷயங்கள் நன்றாகப் பதிந்தன. கேட்பது பாதிப் பாடம்தான். கூடிப் பேசுவதும் செய்து பார்ப்பதும் மீதிப் பாதி.

குழுவில் நடத்துவது எப்படி?

உழவர் குழுக்களில் பாடம் நடத்துபவர்கள் இந்த முறையை அப்படியே கடைப்பிடிக்கலாம்.

* ஒரு கூட்டத்துக்கு ஒரு பதிவு, ஒரு வேலை. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
* வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு பாடம் நடக்கட்டும். நாற்று நட்ட பிறகு விதைநேர்த்திப் பாடம் கேட்டுப் பயனில்லை.
* போடும் முன்பே ஒரு கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். விடையைத் தேடிக் கேட்பவரின் காது கூர்மையாக இருக்கும்.
* அளவு வரும் இடத்தில் பதிவை நிறுத்தி, பலகையில் எழுத வேண்டும்.
* அங்கேயே செய்து பார்க்க வேண்டும்.

உதாரணமாக, உப்புக் கரைசலில் நெல் விதை தேர்வு. 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால், அதில் போட்ட முட்டை மிதக்கும். விதையைக் கொட்டினால் பதர் மேலே வரும். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுக்க வேண்டும். காதால் கேட்டவர் அளவை மறக்கலாம். முட்டை மிதந்ததைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

கவனம் தேவை

பதிவு எந்த ஊர் மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு, எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டால் ஒரு போக வெள்ளாமையே போய்விடும். டப்பாவின் லேபிளில் உள்ள அளவே முடிவானது. சந்தேகம் இருந்தால் வேளாண்மை அலுவலரையோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணையோ கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வி, "போன வாரம் கேட்டதை யார் யார் செய்தீர்கள்?" என்பதாக இருக்கட்டும். செய்தவர் எழுந்து சொல்வதே மற்றவர்களுக்கு அடுத்த பாடம்.