ஊசி போடும் கைகளுக்கும் ஊசி வேண்டும்



காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோபுரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒலிமுகமதுபேட்டையிலாகட்டும், பிள்ளையார்பாளையத்திலாகட்டும், காலை வேளையில் தெருவில் நின்று பாருங்கள். தறிச் சத்தம் ஓய்ந்துபோன வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் மருத்துவமனை வேலைக்குப் புறப்படுவதைக் காண்பீர்கள். ஒருத்தி சிறிய கிளினிக்கில் நர்ஸ். மற்றொருத்தி லேபில் ரத்தம் எடுப்பவள். இன்னொருத்தி வார்டைப் பெருக்கித் துடைக்கும் ஆயா. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊராருக்கெல்லாம் ஊசி போடும் இடத்தில் இருக்கிறாயே அம்மா, நீ ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டாயா?"

"இல்லை" என்றோ, "ஒன்று போட்டேன், மற்றதை மறந்துவிட்டேன்" என்றோ பதில் வருமானால், அந்தக் குடும்பத்தார் கவலைப்பட வேண்டிய விஷயம் அது.

தண்ணீரால் வருவதன்று

காமாலை என்றால் அசுத்தமான தண்ணீரால் வருவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது வேறு வகை. ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ் ரத்தத்தின் வழியாகவும், தாம்பத்திய உறவின் வழியாகவும், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் தங்கியிருந்து, சிலருக்குக் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது. உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூட இக்கிருமி குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கக்கூடும்.

நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிப்போய் மருத்துவ ஊழியரின் விரலில் குத்திவிட்டால் என்ன ஆகும்? அந்த நோயாளிக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தால், அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றில் முப்பது வரை செல்லக்கூடும்! எய்ட்ஸ் என்றால் நடுங்கும் நாம், நூறு மடங்கு எளிதாகத் தொற்றக்கூடிய இதைப் பற்றி நினைப்பதேயில்லை. மருத்துவர் கையில் குத்துவதைப் போலவே, குப்பைப் பையில் கிடக்கும் ஊசி ஆயாவின் கையிலும் குத்துகிறது. ஆயினும் தடுப்பூசிப் பட்டியலில் அவர் பெயர்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

எட்டாக்கனி கைக்கு வந்த கதை

இக்கிருமியின் தடயத்தை 1960களில் கண்டறிந்தவர் அமெரிக்க மருத்துவர் பாரூக் புளூம்பெர்க். அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாக இன்று அனுசரிக்கப்படுகிறது. தடுப்பூசி 1980களிலேயே வந்துவிட்டபோதிலும், இறக்குமதி விலை நம் நாட்டு ஏழைகளுக்கு எட்டவில்லை. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் அதை உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்ட பிறகுதான் விலை இறங்கியது. 2011இல் இந்தியக் குழந்தைகள் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது.

இங்கேதான் சிக்கல். இன்று மருத்துவமனைகளில் பணிபுரிவோர் எல்லாருமே அந்த ஆண்டுக்கு முன் பிறந்தவர்கள். குழந்தைப் பருவத்தில் இத்தடுப்பூசி கிடைத்திருக்கும் என்று அவர்கள் நம்பியிருக்க முடியாது.

கீழாநெல்லி இருக்கிறதே என்பீர்கள். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், புளூம்பெர்க்கும் இணைந்த ஓர் ஆய்வில், கீழாநெல்லி இக்கிருமியை நீக்குவதாக நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது உண்மை. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. தடுப்பூசிக்கு ஈடாக அதைக் கொள்ளலாகாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் ரத்தப் பரிசோதனை. கிருமி இல்லையென்றால் மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. மூன்றும் முடிந்து ஓரிரு மாதங்களில், எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிட்டதா என்று மற்றொரு பரிசோதனை. பாதியில் விட்டவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக்கூடாது; துளைபடாத வெள்ளைப் பெட்டியில் உடனே இட வேண்டும். குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு 24 மணி நேரத்திற்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தடுப்பூசியும் கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. திட்டு விழும், வேலை போகும் என்று மறைத்தால் அந்த நேரம் போய்விடும்.

பயம் எதற்கு?

பரிசோதனைக்கே நம் பெண்கள் தயங்குவதன் காரணம் நமக்குத் தெரியாததன்று. "கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமே!" என்பதுதான். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் இந்தக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு அன்றுவரை தங்களிடம் கிருமி இருந்ததே தெரியாது.

கிருமி இருப்பது குற்றமன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ அது பரவாது. வாழ்க்கைத் துணைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் இல்லறத்திற்கும் தடையில்லை. குழந்தை பிறந்தவுடன் தடுப்பூசி போட்டால் அதையும் காக்கலாம். நடிகர் அமிதாப் பச்சன், 1982இல் படப்பிடிப்பு விபத்தின்போது ஏற்றப்பட்ட ரத்தத்தால் தமக்கு இந்நோய் வந்ததை ஊரறியச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து உழைத்து வருகிறார். கட்டுப்படுத்தும் மாத்திரைகளும் உள்ளன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரித்துக் கொள்ளலாம்.

பெற்றோரே! பிள்ளையை மருத்துவமனை வேலைக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தடுப்பூசி போடுவார்களா என்றும் கேளுங்கள். கிளினிக் நடத்தும் பெரியோரே! நர்ஸுக்குப் போடும் அன்றே ஆயாவுக்கும் போட்டுவிடுங்கள். நம் காயத்தைக் கழுவிக் கட்டும் அந்தக் கைகளைக் காப்பது நம் எல்லாருக்கும் கடமையல்லவா?