பாஸ்டன் பியர் நிறுவனமும் மாறிவரும் பியர் சுவைகளும்

பாஸ்டன் பியர் நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மதுபான உற்பத்தி நிறுவனம் ஆகும். 1984-ஆம் ஆண்டு ஜிம் குக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தொடங்கினர். 'சாமுவேல் ஆடம்ஸ்' என்ற பெயரில் இது தயாரிக்கும் பியர், அமெரிக்கக் கைவினை பியர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சிறிய அளவில் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த ஒரு கைவினை ஆலை, குடிப்பவர்களின் சுவை மாறும்போதெல்லாம் என்ன செய்கிறது, அதில் எங்கே தவறுகிறது என்பதற்கு இந்நிறுவனத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்கம்

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் இயங்கிய பியர் ஆலைகளின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவு. சில பெரிய நிறுவனங்கள் தயாரித்த, நிறத்திலும் சுவையிலும் மென்மையான லாகர் வகை பியரே நாடு முழுவதும் விற்கப்பட்டது. 1978-இல் வீட்டில் பியர் தயாரிப்பதை அனுமதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர் வீட்டில் செய்து பழகிய பலர் சிறு ஆலைகளைத் தொடங்கினர்.

ஜிம் குக்கின் முன்னோர் பல தலைமுறைகளாகப் பியர் வடிப்பவர்கள். அவருடைய எள்ளுத்தாத்தா லூயிஸ் குக் 19-ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் தயாரித்த பியரின் செய்முறைக் குறிப்பு தந்தையின் வீட்டுப் பரணில் கிடைத்தது. அதன் அடிப்படையில் உருவான 'பாஸ்டன் லாகர்' 1985 ஏப்ரலில் பாஸ்டன் நகர மதுக்கூடங்களில் அறிமுகமானது. ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் விளையும் ஹாலர்டாவ் வகை ஹாப்ஸ் பூக்கள் இதற்கு மணமும் கசப்பும் தருகின்றன. தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பெரிய ஆலை இல்லை. பிட்ஸ்பர்க்கில் இருந்த வேறொரு ஆலையில் ஒப்பந்த அடிப்படையில் பியர் தயாரிக்கப்பட்டது. 1995-இல் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பின்னர் சின்சினாட்டியிலும் பென்சில்வேனியாவிலும் பெரிய ஆலைகளை வாங்கியது.

சுவைகள் மாறிய வரிசை

கைவினை பியரின் முதல் வாடிக்கையாளர்கள் தேடியது, பெருநிறுவன லாகரைவிட அடர்த்தியான ஒரு பியர். அந்தத் தேவையைப் பாஸ்டன் லாகர் நிறைவு செய்தது. அடுத்து, பருவத்துக்கு ஒரு பியர் என்ற பழக்கம் பரவியது. எலுமிச்சைத் தோல் சேர்த்த கோடைக்கால ஏல், இலையுதிர் காலத்துக்கான அக்டோபர்ஃபெஸ்ட், குளிர்கால லாகர் என ஆண்டு முழுவதும் சுழலும் வரிசையை நிறுவனம் உருவாக்கியது. முதன்மைப் பியரை மாற்றாமலேயே புதுமையைத் தரும் உத்தி இது.

2000-களுக்குப் பிறகு விருப்பம் ஹாப்ஸ் மிகுந்த பியர்களின் பக்கம் திரும்பியது. இவற்றுள் முதன்மையானது இந்தியா பேல் ஏல். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட பியரிலிருந்து இப்பெயர் வந்தது. அமெரிக்க ஆலைகள் அதற்கு ஆரஞ்சு, திராட்சைப்பழம் போன்ற மணம் தரும் உள்நாட்டு ஹாப்ஸ்களைச் சேர்த்துப் புது வடிவம் கொடுத்தன. பாஸ்டன் பியர் இந்த மாற்றத்துக்குத் தாமதமாகவே வந்தது. மேற்குக் கரைப் பாணியிலான 'ரெபெல்' என்ற பியரை 2014-இல் நாடு முழுவதும் அறிமுகப்படுத்தியபோது, ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய பியரைத் தயாரிக்கும் உள்ளூர் ஆலை ஒன்று இருந்தது. அதன் பின்னர் வடகிழக்கு மாநிலங்களில் கலங்கலாகவும் பழச்சாறு போன்ற சுவையுடனும் தயாரிக்கப்பட்ட நியூ இங்கிலாந்து வகை புகழ்பெற்றது. நிறுவனம் 2018-இல் அதையும் தன் வரிசையில் சேர்த்தது.

பியருக்கு வெளியேயும் மாற்றம் நிகழ்ந்தது. இந்நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்து 'ட்விஸ்டெட் டீ' என்ற மது கலந்த தேநீர்ப் பானத்தை விற்று வந்தது. 2012-இல் 'ஆங்ரி ஆர்ச்சர்ட்' என்ற ஆப்பிள் சைடர் நாடு முழுவதும் பரவி, அமெரிக்காவின் முதன்மையான சைடராக உயர்ந்தது. 2016-இல் 'ட்ரூலி' என்ற ஹார்ட் செல்ட்சர் வந்தது. ஹார்ட் செல்ட்சர் என்பது கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைக்கும் ஆல்கஹாலுடன் சோடா நீரும் பழ மணமும் சேர்த்த பானம். இதில் கலோரி குறைவு, கசப்பும் இல்லை.

பெரிய ஆலைக்கு உள்ள இடர்ப்பாடு

ஒரு சிறு ஆலை தன் மதுக்கூடத்தில் இந்த வாரம் ஒரு பியரையும் அடுத்த வாரம் வேறொன்றையும் விற்கலாம். பிடிக்கவில்லை என்றால் இழப்பு சில தொட்டிகளோடு நின்றுவிடும். பெரிய ஆலைக்கு அந்த வசதி இல்லை. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, மூலப்பொருள். ஹாப்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அறுவடையாகும் கொடிப் பயிர். புதிதாக நடப்பட்ட கொடி முழு விளைச்சல் தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே பெரிய ஆலைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே விவசாயிகளுடன் கொள்முதல் ஒப்பந்தம் செய்கின்றன. அதற்குள் சுவை மாறிவிட்டால், தேவையில்லாத வகை ஹாப்ஸ் கிடங்கில் தேங்கும். தேவையான வகை கிடைக்காது.

இரண்டாவது, காலம். லாகர் குறைந்த வெப்பநிலையில் மெதுவாக நொதித்து, பின்னர் பல வாரங்கள் குளிர்நிலையில் முதிர வேண்டும். ஏல் வகை சற்று அதிக வெப்பநிலையில் விரைவில் தயாராகும். ஆனால் ஹாப்ஸ் மணமிக்க ஏல் அந்த மணத்தையும் விரைவில் இழந்துவிடும்.

மூன்றாவது, விற்பனை அமைப்பு. 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பின்னர் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் உற்பத்தியாளர், மொத்த விநியோகஸ்தர், சில்லறைக் கடை என்ற மூன்றடுக்கு முறை ஏற்பட்டது. ஆலையிலிருந்து புறப்படும் சரக்கு முதலில் விநியோகஸ்தரின் கிடங்குக்குச் செல்கிறது. கடையில் விற்பனை குறைந்தாலும், கிடங்கு நிரம்பும்வரை அது ஆலைக்கு உடனே தெரிவதில்லை.

கையாளப்படும் வழிமுறைகள்

இந்த இடர்ப்பாட்டைக் குறைக்கப் பாஸ்டன் பியர் கையாளும் முறைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சிறு தொட்டிச் சோதனை: பாஸ்டனின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் உள்ள சிறிய ஆலையில் புதிய செய்முறைகள் குறைந்த அளவில் வடிக்கப்பட்டு, அங்கு வருபவர்களுக்குத் தரப்படுகின்றன. வரவேற்பு பெற்றவையே பெரிய ஆலைக்குச் செல்கின்றன. எனினும், சிறு தொட்டியில் நன்றாக வந்த பியர் பெரிய தொட்டியில் அதே சுவையில் வரும் என்ற உறுதி இல்லை. வெப்பம் பரவும் வேகமும் ஹாப்ஸ் கலக்கும் விதமும் மாறுவதால் செய்முறையைத் திருத்த வேண்டியிருக்கும்.

புதுமை காத்தல்: பியர் புட்டிகளில் எந்த மாதம்வரை அருந்தலாம் என்பதை வெளிப்படையாக அச்சிட்ட முன்னோடி அமெரிக்க நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. காலம் கடந்த பியரை விநியோகஸ்தர்களிடமிருந்து திரும்ப வாங்கி அழிப்பது அதன் கொள்கை. 2010-களில், விநியோகஸ்தர் கிடங்குகளில் இருக்கும் சரக்கின் அளவைக் குறைக்கும் திட்டத்தையும் நடைமுறைப்படுத்தியது.

இணைப்பு: சுயமாக உருவாக்க முடியாததைப் பிற நிறுவனத்தோடு இணைந்து பெறுவது மற்றொரு வழி. 2019-இல் டெலவேர் மாநிலத்தின் டாக்ஃபிஷ் ஹெட் ஆலையுடன் சுமார் 30 கோடி டாலர் மதிப்பிலான இணைப்பு அறிவிக்கப்பட்டது. இந்தியா பேல் ஏல் வகையில் அந்த ஆலைக்கு முன்பே நற்பெயர் இருந்தது.

2021-ஆம் ஆண்டு நெருக்கடி

2020-இல் கொரோனா பெருந்தொற்றால் மதுக்கூடங்கள் மூடப்பட்டபோது, வீட்டுக்கு வாங்கிச் செல்லும் டின் பானங்களின் விற்பனை பெருகியது. ஹார்ட் செல்ட்சர் அதில் முன்னணியில் இருந்தது. அலுமினிய டின்களுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்த வளர்ச்சி தொடரும் எனக் கணித்த பாஸ்டன் பியர், கோடைக்காலத்துக்காகப் பெருமளவில் சரக்கைக் குவித்தது. வெளி ஆலைகளுடனும் உற்பத்தி ஒப்பந்தங்கள் செய்தது.

2021 கோடையில் வளர்ச்சி திடீரெனத் தளர்ந்தது. மதுக்கூடங்கள் மீண்டும் திறந்தன. கடை அடுக்குகளை டஜன் கணக்கான செல்ட்சர் பெயர்கள் நிரப்பியதால் வாங்குபவர்கள் குழம்பினர். ஒரே மாதிரியான சுவையில் சலிப்பும் ஏற்பட்டது. ஏப்ரல் மாதத்தில் 1,300 டாலரைத் தாண்டியிருந்த நிறுவனப் பங்கின் விலை, ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 500 டாலராகச் சரிந்தது.

தேங்கிய சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தள்ளுபடியில் விற்றால் பணம் ஓரளவு திரும்பும். ஆனால் பழைய பானம் வாடிக்கையாளர் கைக்குப் போகும். பழையதாகும் முன்பே பல இலட்சம் பெட்டிகளை அழிக்கப்போவதாக ஜிம் குக் வெளிப்படையாக அறிவித்தார். சரக்கு அழிப்பு, ஒப்பந்த முறிவுக் கட்டணம் முதலியவற்றால் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் செலவு ஏற்பட்டது. பியர் புட்டியில் தேதி அச்சிட்டபோது எடுத்த நிலைப்பாட்டுக்கு நிறுவனம் கொடுத்த பெரிய விலை இதுவே எனலாம்.

ட்ரூலி பின்னடைந்த ஆண்டுகளில், ஆரவாரமின்றி இருபது ஆண்டுகளாக விற்கப்பட்டு வந்த ட்விஸ்டெட் டீ வளர்ந்து நிறுவனத்தின் முதன்மைப் பெயரானது. எந்தப் பானம் நிலைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

'கைவினை' என்ற சொல்லின் வரையறை

அமெரிக்கச் சிறு ஆலைகளின் அமைப்பான பியர் வடிப்போர் சங்கம், கைவினை ஆலை என்பதற்கு ஒரு வரையறை வைத்துள்ளது. முதலில் ஆண்டு உற்பத்தி 20 இலட்சம் பீப்பாய்க்குள், அதாவது சுமார் 23 கோடி லிட்டருக்குள், இருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. பாஸ்டன் பியர் அந்த வரம்பை நெருங்கிய நிலையில், அது 60 இலட்சம் பீப்பாயாக உயர்த்தப்பட்டது. உற்பத்தியில் பெரும்பகுதி மரபான பியராக இருக்க வேண்டும் என்ற விதி 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. சைடர், தேநீர், செல்ட்சர் ஆகியவற்றின் பங்கு அப்போது இந்நிறுவனத்தில் மிகுந்திருந்தது.

ஒரே நிறுவனத்துக்காக விதிகள் வளைக்கப்படுகின்றன என்று சிலர் குறை கூறினர். பெருநிறுவனத்துக்கு விற்கப்படாமல் தனித்து நிற்பதே கைவினையின் உண்மையான அடையாளம் என்றும், சிறு ஆலைகளும் பிழைப்புக்காகப் பியர் அல்லாத பானங்களைத் தயாரிக்கின்றன என்றும் மறுதரப்பினர் வாதிட்டனர். 2008-இல் ஹாப்ஸ் தட்டுப்பாட்டால் சிறு ஆலைகள் தவித்தபோது, பாஸ்டன் பியர் தன் இருப்பிலிருந்து 20,000 பவுண்டு ஹாப்ஸை வாங்கிய விலைக்கே அவற்றுக்குக் கொடுத்ததும் இதனுடன் சேர்த்து நினைக்கப்படுகிறது.

மாற மறுப்பதும் பாதுகாப்பான வழியன்று. 1896-இல் தொடங்கப்பட்டு, 1965-க்குப் பின்னர் கைவினை பியருக்கே வழிகாட்டிய சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை, 2017-இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, விற்பனைச் சரிவால் 2023-இல் மூடப்பட்டது.

அண்மைக்கால நிலை

மது அருந்துவதைக் குறைப்போர் பெருகியதால், ஆல்கஹால் நீக்கிய 'ஜஸ்ட் தி ஹேஸ்' என்ற பியரை நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. 2023-இல் பாஸ்டன் லாகரே சற்று மென்மையாகவும் எளிதில் அருந்தக்கூடியதாகவும் மறுசீரமைக்கப்பட்டது. மென்மையான லாகருக்கு எதிராக எழுந்த ஒரு பியர், சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மென்மையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது. இன்று நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பகுதி பியர் அல்லாத பானங்களிலிருந்தே வருகிறது. பாஸ்டன் லாகரும் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு வருகிறது.